ஒரு சாண் வயர்

எனக்குச் சந்தேக புத்தி என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்திரண்டு வருஷம் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கராக நின்றவளுக்கு வேறு என்ன புத்தி இருக்கும்? ஷூவின் மேல்பாகத் தோல் தைத்து முடித்து என் மேஜைக்கு வரும். கையில் எடுத்து, திருப்பி, மடக்கி, விளக்கில் காட்டி, எங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. பெரிய ஏமாற்று ஒன்றும் இருக்காது. மடிப்புக்கு விட வேண்டிய தோலில் ஒரு நூலளவு குறைப்பார்கள். இரண்டு தையல் ஓட்ட வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்துவார்கள். உள் துணியை எட்டியும் எட்டாமலும் ஒட்டியிருப்பார்கள். எங்கே சாமான் குறைகிறதோ அங்கே ஆள் ஏமாற்றுகிறான். கோணலாக இருந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டு பாடத்தையும் வைத்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன், பிள்ளையைப் படிக்க வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினேன், வீடு கட்டினேன். கறிவேப்பிலை வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பார். தோல் பதனிடும் ஷாப்பில் கலர் ஸ்ப்ரே அடிக்கும் பகுதியில் வேலை. "மாஸ்க் போடுங்க" என்று நான் கத்தாத நாள் இல்லை. "போட்டுக்கினுதான் இருக்கேன்" என்பார். எங்கே போட்டார்? ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் படியேறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் சமதரையில் வாங்கியது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கியது. டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வேண்டும், பகலும் இரவுமாகப் பெரும்பாலான நேரம் அதில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சின்னப் பெட்டி உயரத்துக்கு ஒரு மிஷின். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, வேண்டியதைப் பிரித்து, குழாயில் மூக்குக்கு அனுப்பும். கரண்டு இருந்தால் அவருக்கு மூச்சு உண்டு. கரண்டு போனாலும் மிஷின் கெட்டாலும் மூச்சு இல்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் கணக்கு அன்றிலிருந்து இவ்வளவுதான்.

கரண்டு போகாமல் இருப்பதற்காக மொட்டை மாடியில் சோலார் வைத்தோம். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர், பேட்டரி. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஏற்கெனவே மாடியில்தான் இருந்தது. கேட்டுக்கு மேலே ஒரு கேமரா. அது என் ஏற்பாடு. செருப்பு திருடு போகிறது என்று சந்தேகப்பட்டு வைத்தேன். அதில் இன்றுவரை மாட்டியது ஒரு பூனை மட்டும்தான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தவன் என் கொழுந்தன், அவருடைய ஒரே தம்பி. தோல் ஷாப்களின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் எலெக்ட்ரீஷியன். அங்கே மோட்டார், விளக்கு, பேனல் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும்.

"அண்ணி, மாடி மேல இத்தன சாமான வச்சிக்கினு சும்மா விட்டா எப்டி? இடி நேரா வீட்டு மேல வுழணும்னு கிடையாது. மலைப் பக்கம் வுழுந்தாகூட வயர்ல ஏறி உள்ள வந்துரும். போன வருஷம் உங்க பின்னாடி தெருவுல இன்வெர்ட்டர் போச்சில்ல? அண்ணன் மிஷின் போனா இன்னா பண்ணுவீங்க? அத எர்த்துக்குத் திருப்பி வுடற சர்ஜ் ப்ரொடெக்டர் போடணும்."

அவன் சொன்னது சரி. சொன்னவன் அவன் என்பதுதான் எனக்கு உறுத்தியது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தண்ணீர் மோட்டாரை அவன்தான் கட்டிக்கொடுத்தான். ஒரே மாதத்தில் புகைந்துவிட்டது. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய கடைக்காரன் தப்பு என்றான். கம்பெனியில் கழற்றிப் போட்ட பழைய மோட்டாரைத்தான் நம் தலையில் கட்டிவிட்டான் என்று நான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அதிலிருந்து அவன் தோளில் ஒரு காக்கிப் பையோடு வந்தாலே என் கண் முகத்துக்குப் போகாது, பைக்குப் போகும்.

வேலூரில் கடைக்கு நானும் கூடவே போனேன். "நீங்க எதுக்கு அண்ணி வெயில்ல?" என்றான். அதனால்தான் போனேன். கடைக்காரர் அவனைப் பார்த்ததும் தோஸ்த் மாதிரி சிரித்து, "வழக்கமா வாங்கறதுதானே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வழக்கம் என்றால்? அவனுக்கும் இவருக்கும் என்ன வழக்கம்?

"இது டிவி, ஃபிரிட்ஜுக்குப் போடறதும்மா, ப்ளக்லயே மாட்டிக்கலாம், இதுவே போதும்" என்று கடைக்காரர் ஒரு மலிவான பெட்டியை என் பக்கம் தள்ளினார். கொழுந்தன் அதைத் தொடக்கூட இல்லை. மாடியிலிருந்து சோலார் லைன் இறங்கும் இடத்துக்குத் தனியாக ஒன்று, தெருவிலிருந்து கரண்டு நுழையும் மெயின் பக்கம் இடியையே தாங்குகிற மாதிரி பெரியதாக ஒன்று, கேமரா லைனுக்குச் சின்னதாக ஒன்று என்று கேட்டான். வந்ததில் இரண்டு பெட்டி பார்க்க ஒரே அச்சு. விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். நான் இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தேன். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். கடைக்காரர் முகம் கோணியது. அது பற்றி எனக்கென்ன! கொழுந்தன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான், ஒட்டு நாடாவைக் கிழித்துச் சாமானை வெளியே எடுத்துப் பார்த்தான், மறுபடி டப்பாவில் போட்டான். வேலை செய்யும்போது கண்ணாடியில் பச்சை தெரியும், அடிபட்டுச் செத்துவிட்டால் சிவப்பாகும் என்று எனக்குச் சொன்னான். கனமானதைத்தான் எடுத்தான். கூடவே நான் பச்சை எர்த் வயர் ஐந்து மீட்டர் வாங்கினேன். "அவ்ளோ வேணாம் அண்ணி" என்றான். வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து வேலையை ஆரம்பித்தான். டப்பா பிரித்த டப்பா. பிரித்த டப்பாவை எங்கள் கம்பெனியில் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். நான்கு நாள் அவன் வீட்டில் இருந்திருக்கிறது. உள்ளே இருப்பது கடையில் பார்த்த சாமான்தானா, கம்பெனியில் கழற்றியதா? நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

மெயின் பக்கத்துப் பெரிய பெட்டியை அவன் வைத்த இடத்தைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. எங்கள் மெயின் சுவிட்ச் கேட் தூணில் இருக்கிறது. அதற்கு அடியிலேயே எர்த் குழி. இவன் பெட்டியை அந்த இரண்டுக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில், தூண் ஓரம் ஒதுங்கினாற்போல் சற்றுக் கோணலாக அடித்தான். எர்த் வயரை ஒரு சாண் வெட்டினான். மூலையை ஒட்டிக்கூடக் கொண்டுபோகவில்லை. குறுக்கே சாய்வாக இழுத்து முடுக்கிவிட்டான்.

"இன்னாப்பா இது? வீட்டுக்கு வர்றவங்க மொதல்ல பாக்கற எடம். மேல போர்ட்டிகோ போர்டு பக்கத்துல நேரா வைக்கக் கூடாதா?"

"கூடாது அண்ணி. வயர் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. ஜாஸ்தி ஆச்சின்னா, இடி வர்ற வேகத்துக்கு இதுல போவாது, வீட்டுக்குள்ளாற போய்டும்."

"அதான் அஞ்சு மீட்டர் வாங்கிக் குட்த்தேனே!"

"அதான் வேணாம்னேனே!" என்று சிரித்துக்கொண்டே மீதி வயரைச் சுருட்டிக் காக்கிப் பையில் போட்டான். "வேற எடத்துக்கு ஆவும் அண்ணி."

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் எனக்குள் உட்கார்ந்திருந்த செக்கர் எழுந்து நின்றாள். சாமான் குறைகிறது. வேலை கோணலாக இருக்கிறது. மீதி பைக்குள் போகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வயரை மிச்சம் பிடிக்கத்தான் கதை விடுகிறான் என்று முடிவே செய்துவிட்டேன். உள்ளே போய் அவரிடம் பொரிந்து தள்ளினேன். "அவன் தெரிஞ்சவன், வுடு" என்றார் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டே. தெரிந்தவனாம்! தெரிந்தவன்தான் ஏமாற்றுவான், தெரியாதவனிடம் நாம் ஏன் ஏமாறப் போகிறோம்?

இரண்டு வாரம் பொறுத்தேன். கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சாய்ந்த வயர் கண்ணில் குத்தியது. கொழுந்தன் கம்பெனியில் பராமரிப்பு வேலை என்று வராத ஒரு வாரம் பார்த்து, பக்கத்துத் தெருவில் புதுவீடு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். சுத்தமான சட்டை, காதில் பென்சில், மட்டம் பார்க்கும் கருவி. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"யாரும்மா இத முட்டி ஒயரத்துல போட்டது?" என்றார்.

"தெரிஞ்சவங்க."

"மேல ஏத்திடலாம்மா. ஷோவா இருக்கும்."

"வயர் நீளமானா ஒண்ணும் ஆவாதே?"

"செம்புதானம்மா. கரண்டுக்கு இன்னா நடக்கக் கால் வலிக்குதா?"

நானும் சிரித்தேன். இரண்டு நாள் வேலை. மெயின் சுவிட்சிலிருந்து வயர் கிளம்பி, தூண் மூலையை ஒட்டி வெள்ளைக் குழாயில் ஏறி, போர்ட்டிகோ முழுக்க நேர்கோட்டில் ஓடி, என் கண் மட்டத்தில் இருந்த பெட்டிக்கு வந்து, அதே அழகில் திரும்பி இறங்கி எர்த் குழிக்குப் போனது. மிச்சத்தை வெட்டாமல் வளையம் வளையமாகச் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் கட்டி வைத்தார். ஒரு கோணல் கிடையாது. என் மேஜைக்கு வந்திருந்தால் முதல் பார்வையிலேயே பாஸ் போட்டிருப்பேன்.

"இன்னா சத்தம்?" என்று அவர் படுக்கையிலிருந்து கேட்டார்.

"கேமராவுக்கு ஆணி அடிக்கறாங்க" என்றேன். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் நான் பொய் சொன்னது கொஞ்சம்தான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

கோடை மழை வந்தது. நாள் முழுக்கச் சட்டியில் வறுத்த மாதிரி வெயில். நாலு மணிக்கு மலைப் பக்கம் கறுத்து, காற்று ஒரு சுற்று சுற்றி, தெருக் குப்பையெல்லாம் போர்ட்டிகோவுக்குள் வந்தது. மாடித் துணியை எடுத்துக்கொண்டு நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஒரு வெட்டு, கூடவே சத்தம். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. காது அடைத்துக்கொண்டது. உள்ளே மிஷின் கிரீச்சென்று ஒரு தடவை கத்தி நின்றது. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. அது மட்டும் நின்றுவிட்டது. கருகின பிளாஸ்டிக் நாற்றம்.

"ஏசப்பா!" என்று ஓடினேன். அவர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. உதட்டு ஓரம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. மூலையில் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. எத்தனையோ தடவை பழகியிருந்தும் சாவி கையில் நிற்கவில்லை, இரண்டு தடவை கீழே விழுந்தது. எப்படியோ திறந்தேன். காற்று சீறியது. மாஸ்க்கை முகத்தில் வைத்து அழுத்தினேன். சிலிண்டரின் அளவு முள் பாதிக்குக் கீழே நின்றது.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். "நீ போட்ட டூப்ளிகேட்டு சாமானு உங்க அண்ணன் உயிர எடுக்குது! கம்பெனில கழட்டுனத எடுத்தாந்து எங்க தலைல கட்னியா? திருட்டுப் பயலே!" என்று கத்தினேன். அவர் படுக்கையிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"சிலிண்டர்ல முள்ளு எங்க நிக்குது அண்ணி?" என்றான்.

சொன்னேன்.

"ஒண்ணே முக்கா மணி நேரம் வரும். தொறப்ப ஜாஸ்தி பண்ணாதீங்க. வர்றேன்."

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். சொட்டச் சொட்ட நனைந்து, ஓர் ஆட்டோவில், மடியில் பெரிய சிலிண்டரைக் குழந்தையைப் போலக் கட்டிப் பிடித்துக்கொண்டு. கம்பெனியில் ஆபத்துக்கு வைத்திருந்ததை யார் காலிலோ விழுந்து வாங்கியிருக்கிறான். வழியிலேயே வாடகை மிஷினுக்கும் போன் செய்து, காலையில் அனுப்புகிறேன் என்று வாக்கு வாங்கிவிட்டான். என்னைப் பார்க்கவில்லை. சிலிண்டரை மாற்றினான், அண்ணன் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி, எண் ஏறும்வரை நின்றான். ஏறியதும்தான் தலையைத் துவட்டினான். அப்புறம் வெளியே போனான்.

கேட் தூணில் அவன் பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் வெள்ளைச் சிமெண்டால் அடைக்கப்பட்டிருந்தன. அதைத் தடவிப் பார்த்தான். வெள்ளைக் குழாயின் வழியே கண்ணை ஓட்டி, போர்ட்டிகோவுக்கு வந்து, பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தான். பச்சை. அப்படியே பச்சையாகத்தான் இருந்தது. பின்னால் கையை விட்டு அந்த வயர் வளையத்தை வெளியே இழுத்தான். அதைச் சாண் சாணாக அளந்து பார்த்தான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். பெட்டி நல்ல பெட்டிதான், நான் நீளமாக்கிய வயரால்தான் இடி வீட்டுக்குள் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

உள்ளே வந்து கட்டிலருகில் நின்று, "பொட்டிய யார் மாத்துனது?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாஸ்க்கை இறக்கினார். "நான்தான்டா. நான்தான் மாத்தச் சொன்னேன். வாசல்ல... பாக்க நல்லா இல்ல."

கொழுந்தன் அண்ணனையே பார்த்தான். "நீ வாசலப் பாத்து எட்டு மாசம் ஆவுது அண்ணா" என்றான். மாஸ்க்கை மேலே ஏற்றி, காதுக்குப் பின்னால் நாடாவைச் சரிசெய்தான்.

"நான்தான்பா" என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன். டப்பாவைச் சந்தேகப்பட்டது, ஒரு சாண் வயரைப் பார்த்துத் திருடன் என்று நினைத்தது, வேறு ஆளைக் கூட்டிவந்தது, ஆணி அடிக்கிறார்கள் என்று பொய் சொன்னது, போனில் பேசியது. "நீ சொன்னது அத்தனையும் காதுல வுழுந்துது. நம்பல. நானே அவர சாவடிக்கப் பாத்துட்டேன். மன்னிச்சுடு" என்று கையைக் கூப்பினேன்.

"அத அப்புறம் பேசலாம் அண்ணி. இருட்டறதுக்குள்ள மாத்தணும்" என்றான். வேறு ஒரு வார்த்தை இல்லை. பையை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கினான். மன்னித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க எதுக்குங்க பொய் சொன்னீங்க? உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"ரெண்டு நாளு டிரில் ஓட்னா... கேமரா ஆணியா?"

"அப்பவே கேக்கறதுதானே!"

"கேட்டா சண்ட வரும். அவன் கோச்சிக்கினு போய்டுவான்."

"போனா போட்டுமே! எனக்கு நீங்க இருக்கீங்க, அது போதும்" என்றேன்.

அவர் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். மாஸ்க்கை விரலால் லேசாகத் தூக்கினார். "நான் இன்னும் எத்தினி நாளைக்கு? அதுக்கப்புறம் உனக்கு ஒண்ணுன்னா ஓடியாற அவன் ஒருத்தன்தான் இருக்கான். அவன் இந்த வீட்டுக்கு வரணும்."

வெளியே சுவரிலிருந்து திருகாணி கழலும் சத்தம் கேட்டது. குடையை எடுத்துக்கொண்டு போய் அவன் தலைக்கு மேல் பிடித்தேன்.

"உள்ள போங்க அண்ணி, நனைஞ்சிடுவீங்க" என்றான் திரும்பாமல்.

நான் போகவில்லை.